நாடகத்துக்குள் பதில் சொன்ன அம்மாக்கள்

ஐயா, நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்கு அது பழகிப் போயிருக்கும். பதுளையில் உங்களுக்கு எடுத்த பாராட்டு விழாவில், மாலைகள் தாடை வரைக்கும் ஏறியிருந்த நேரத்தில், மைக்கைப் பிடித்து ஒரு கதை சொன்னீர்களே, அந்தக் கதை உங்களுடையது இல்லை. அது நடந்தபோது நீங்கள் அங்கே இருந்தீர்கள், உண்மை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். உட்கார்ந்திருந்ததோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அதற்குப் பிறகு நாடகத்தை அங்கே வளர விடாமல் நிறுத்தியதே நீங்கள்தான்.

இவர் யார் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பெயர் எழுதப் போவதில்லை. ஊவா மாகாணத்தில் வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். கல்விப் பணிமனையில் அழகியல் பாடங்களுக்குப் பொறுப்பான அதிகாரியாக நெடுங்காலம் இருந்தவர். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் எல்லாம் அவர் கைக்குள். எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் நடக்கலாம் என்று அவர் தலையசைக்க வேண்டும். இப்போது ஓய்வில் இருக்கிறார். அதனால் மாலை.

அவர் சொன்ன கதை இது. பின்தங்கிய ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவர் நாடகம் பழக்கினாராம். ஒரு பெண்பிள்ளையிடம், 'சபையில் இருக்கும் அம்மாக்களின் பெயரையே கூப்பிடு' என்று சொல்லிக் கொடுத்தாராம். பிள்ளை கூப்பிட, அம்மாக்கள் பதில் சொல்ல, பார்வையாளர்களே நடிகர்கள் ஆகிவிட்டார்களாம். "மலையகத்தில் நவீன அரங்கு அன்றைக்குத்தான் பிறந்தது" என்றார். மண்டபம் கைதட்டியது.

என் பக்கத்தில் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். பதுளை பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை. அரை நாள் லீவு கேட்டு என்னோடு வந்திருந்தாள். எல்லோரும் தட்டினார்களே என்று அவளும் தட்ட ஆரம்பித்து, பாதியில் கையை நிறுத்தினாள்.

"டீச்சர், இது நம்ம கததானே?"

"ஆமா."

"அந்தப் பொண்ணு நான்தானே?"

"நீதான்."

"அப்ப இவரு எப்பச் சொல்லிக் குடுத்தாரு?"

அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

பச்சை தீர்ந்து போகும் பெட்டி

நான் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். சித்திர ஆசிரியையாக எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் ஸ்பிரிங்வெளி வீதியில் பஸ் இறங்கி மேலே ஏற வேண்டிய ஒன்று. ஒரு நீளக் கட்டடம், தகரக் கூரை, ஓரத்தில் ஒரு மண்டபம். மண்டபம் என்று சொன்னது பள்ளிக்கூடத்துக்கு மரியாதைக்காக. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மூடுபனி உள்ளே வந்து பிள்ளைகளோடு வாங்கில் உட்காரும்.

முதல் நாள் ஒரு காட்சி வரையச் சொன்னேன். வகுப்பு முழுவதும் ஒரே படத்தை வரைந்தது. இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஆற்றங்கரையில் தென்னை மரம். எனக்குக் கோபம் வந்தது.

இந்தத் தென்னையை எந்த மலையில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். சிவநேசன் என்ற பையன் எழுந்து, "புக்குல இருக்கு டீச்சர்" என்றான். அவன் சொன்னது சரிதான். அந்தப் புத்தகம் எங்களுக்காக அச்சடித்தது இல்லை.

எல்லோரையும் வெளியே கூட்டிப் போய், தொழிலாளர் குடும்பங்களின் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு முன்னால் இருக்கும் படிக்கட்டில் உட்கார வைத்தேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரையுங்கள் என்றேன். சிவநேசன் கடதாசி முழுவதையும் பச்சையால் நிரப்பினான். மேலே ஓர் இடம்கூட வெறுமையாக இல்லை. வானம் எங்கே என்றேன்.

"எங்க காம்பராவுல இருந்து பாத்தா வானம் தெரியாது டீச்சர். எதுத்த மலைதான் தெரியும். வானம் வேணும்னா கழுத்த நிமுத்தணும்."

அவன் சொன்ன இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வானம் தெரியவில்லை.

அந்தப் படத்தைப் பதுளையில் நடந்த ஒரு போட்டிக்கு அனுப்பினேன். வேலை முடியவில்லை, மேல் பகுதி பூர்த்தியாகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நடுவராக இருந்தவர் டவுனில் மாடி வீட்டில் இருந்து மலையைப் பார்த்தவர். அவருக்கு மலை என்றால் மேலே வானம் இருக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் எந்தப் பேஸ்டல் பெட்டியைத் திறந்தாலும் முதலில் தீர்ந்து போவது பச்சை. சிவப்பும் ஊதாவும் வாங்கினபடியே கிடக்கும். பச்சைத் துண்டு வைத்திருக்கிற பிள்ளைக்கு வகுப்பில் பெரிய மவுசு. "ஒரு வாட்டி குடுடி, என் பிஸ்கட்ல பாதி தாரேன்" என்று பேரம் நடக்கும். பிறகு நீலத்தின் மேல் மஞ்சளைத் தேய்த்தால் பச்சை வரும் என்று காட்டிக் கொடுத்தேன். வானம் வரையாததால் எங்களிடம் நீலம் எப்போதும் மிச்சமாக இருந்தது.

அந்த மெழுகு வாசனை இன்னும் என் விரலில் இருக்கிற மாதிரி இருக்கிறது. மழை நாளில் ஈரச் சட்டையும் தேங்காய் எண்ணெயும் மெழுகும் சேர்ந்து ஒரு மணம் வரும். அந்த மணத்தை நினைத்தால் எனக்குக் கோபம்கூடக் கொஞ்சம் இறங்கும். கொஞ்சம்தான்.

மழையில் கேட்காத ராஜா

நான் படித்த காலத்தில் பள்ளிக்கூட நாடகம் என்றால் ராஜா நாடகம். வேறு நாடகம் உலகத்தில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஜிகினாக் கடதாசியில் கிரீடம், கரியில் மீசை, யாரோ ஓர் அம்மாவின் கூறைப்புடவை அங்கவஸ்திரமாக.

ஒரு வருடம் எங்கள் ராஜா சிம்மாசனத்தில் ஏறி, நாட்டில் மழை ஒழுங்காகப் பெய்கிறதா என்று மந்திரியைக் கேட்டார். அதே நேரம் தகரக் கூரையில் ஐப்பசி மழை இறங்கியது. மந்திரி வாயசைத்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ராஜா மறுபடி கேட்டார். மந்திரி கையால் கூரையைக் காட்டினார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குத் தெரிந்து அந்த நாடகத்தில் உண்மையான ஒரே இடம் அதுதான். இறங்கி வந்த மந்திரிக்குப் பிரம்படி கிடைத்தது.

மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அது எங்களுடைய நாடகம். ஆனால் ரதி வேஷம்கூட ஆம்பிளைக்குத்தான். பெண்பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பார்க்கலாம். பள்ளிக்கூட ராஜா நாடகத்தில் எனக்குக் கிடைத்தது சாமரம் வீசுகிற தோழி. வசனம் கிடையாது. ஆகவே என்னை நாடகமும் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதிபர் கேட்டபோது, சம்பளத்துக்கு மேல் ஒரு சதம் வராது என்று தெரிந்தும் ஒத்துக்கொண்டேன். என்னுடைய பிள்ளைகள் மேடைக்கு ராஜாவைக் கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன்.

மீசை இல்லாத கங்காணி

நாடக வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டேன், இன்றைக்குக் காலையில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? அம்மா பெரட்டுக்குப் போனாங்க என்று அநேகமாக எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள். அதையே செய்து காட்டுங்கள் என்றேன்.

டவுன் வாசகர்களுக்காக ஒரு வரி. விடிகிற நேரத்தில் தொழிலாளர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடுவார்கள். கங்காணி வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் குரல் கொடுக்க வேண்டும். வராதவருக்காக அதே லயத்து ஆள் யாராவது "வரலைங்க" என்பார். பிறகு யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து விடுவார்கள். இதற்குப் பெயர் பெரட்டு.

செல்வராணியின் காம்பரா பெரட்டுக்களத்தின் ஓரத்தில், லயத்தின் கடைசிக் காம்பரா. நடுவில் ஒரு சுவர்தான். தொட்டிலில் கிடந்த காலம் முதல் அவள் கண் விழித்தது அந்தப் பெயர்களைக் கேட்டுத்தான். அவள் எழுந்து வந்து வகுப்புக்கு முன்னால் நின்றாள். வாத்தியார் குடையைக் கக்கத்தில் இடுக்கினாள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டினாள். இல்லாத வெற்றிலையை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"என்னாடி, வேலைக்கி வந்தியா, விருந்துக்கு வந்தியா?"

வகுப்பு உருண்டது. "மீசை இல்லாத கங்காணி" என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பெண்பிள்ளை எப்படிக் கங்காணி வேஷம் போடலாம் என்று சிவநேசன் முணுமுணுத்தான். "நீ வந்து கூப்புடு பாப்பம்" என்றாள் செல்வராணி. அவன் போய் நின்றான். நாலு பெயருக்கு மேல் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

அசல் கங்காணி கோபித்துக்கொள்வார் என்று அதிபர் பயந்தார். நல்ல மனுஷன், எல்லாவற்றுக்கும் பயப்படுவார். ஆகவே நாடகத்தில் வரும் பெயர்கள் எல்லாம் கற்பனைப் பெயர்களாக இருக்கட்டும் என்று முடிவானது. பிள்ளைகள் டீவி நாடகத்தில் இருந்து பெயர் எடுத்தார்கள். அனாமிகா, பிரியதர்ஷினி, காயத்ரி. அந்தப் பெயரில் கொழுந்து பறிக்கிற யாரும் எங்கள் மலையில் இருந்ததில்லை.

பின்திரை வேண்டும். துணி வாங்க வழி இல்லை. பதுளையில் ஒரு பேக்கரிக்குப் போய்க் கோதுமை மாவு வந்த சீலைச் சாக்குகளைக் கேட்டேன்.

"இத்தன சாக்கு என்னத்துக்கு டீச்சர், புள்ளைகளுக்குச் சட்ட தைக்கவா?" என்றார் பேக்கரி நானா.

மலை தைக்க என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கிழியாத சாக்குகளாகப் பார்த்துக் கட்டித் தந்தார். சிவநேசன்தான் மலையைத் தீட்டினான். மேல் விளிம்பு வரை பச்சை, வானம் இல்லை. எத்தனை பூச்சுப் பூசினாலும் மாவு மில்லின் எழுத்துகள் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தன.

அந்தப் பிற்பகல்

இதெல்லாம் விளையாட்டுக்கு இல்லை. பத்தாம் வகுப்புக்குப் போகும்போது பிள்ளைகள் பாடம் தெரிவு செய்ய வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தை ஆரம்பிக்க அனுமதி கேட்டிருந்தோம். நீங்கள் வந்து பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது, ஐயா. செல்வராணிக்குக் கணக்கு வராது, ஆங்கிலம் வராது. வந்த ஒன்று இதுதான். அதைப் படிக்க முடியுமா முடியாதா என்பது அந்தப் பிற்பகலில் உங்கள் கையில் இருந்தது.

அம்மாக்கள் மலையில் இருந்து நேரே வந்தார்கள். கொழுந்துக் கூடைகளை விறாந்தையில் வரிசையாக வைத்துவிட்டு, இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாங்குகளில் உட்கார்ந்தார்கள். பச்சைக் கொழுந்தின் வாசம் மண்டபம் முழுவதும். நீங்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அசல் கங்காணி வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, நின்றுதான் பழக்கம் என்றார்.

செல்வராணி மேடை நடுவுக்கு வந்தாள். குடை, முதுகில் கை, எல்லாம் சரி. வாயைத் திறந்தாள். முதல் பெயர் அனாமிகா. வரவில்லை. நான் பக்கத்து மறைவில் நின்று அனாமிகா, அனாமிகா என்று வாயசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சபையைத்தான் பார்த்தாள். எதிரில் தலையில் துணி, இடுப்பில் படங்கு, எல்லோரும் காலையில் நிற்கிற அதே ஆட்கள்.

"காளியம்மா" என்றாள்.

"இருக்கேங்க" என்றது சபையின் நடுவில் இருந்து ஒரு குரல்.

காளியம்மா வேண்டுமென்று சொல்லவில்லை. பெயர் கேட்டது, வாய் சொன்னது. உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து முடிக்கவில்லை, செல்வராணி அடுத்ததற்குப் போய்விட்டாள். "ராமாயி." இருக்கேங்க. "பெரிய லெச்சுமி." இருக்கேங்க. "சின்ன லெச்சுமி" என்றதும் சின்ன லெச்சுமி எழுந்தே நின்றுவிட்டார்.

சிரிக்க வேண்டும் என்று யாரும் சிரிக்கவில்லை, அடக்க முடியாமல் சிரித்தார்கள். ஆனால் பதில் சொல்வதை யாரும் நிறுத்தவில்லை. தன் முறை வரும் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசை எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

"மருதாயி."

"இருக்கேங்க."

"நேத்து எங்க போன?"

"புள்ளைக்குக் காச்சலுங்க." எங்கே இருக்கிறோம் என்பதையே மருதாயி மறந்துவிட்டார்.

"புள்ளைக்கா, ஒனக்கா?"

மண்டபம் அதிர்ந்தது. வாசலில் அசல் கங்காணி குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். "நம்ம வேலைக்கி ஒல வைக்க வந்திருக்கு இது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த பெயரை அவள் அதே இழுவையில் கூப்பிட்டாள்.

"பார்வதி."

பார்வதி அவளுடைய அம்மா. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அசல் பெரட்டில் அந்தப் பெயர் எப்போதோ நீங்கிவிட்டது. செல்வராணியின் காதில் இருந்து நீங்கவில்லை. மருதாயிக்குப் பிறகு, புவனேஸ்வரிக்கு முன்னால், அது அதன் இடத்தில் இருந்தது. தானாக வந்துவிட்டது.

சிரிப்பு நின்றது. கங்காணி பதில் வராவிட்டால் இன்னொரு முறை கூப்பிடுவார். அவளும் கூப்பிட்டாள்.

"பார்வதி."

பின்னால் இருந்து சின்ன லெச்சுமி சொன்னார். அடுத்த காம்பராக்காரர். அம்மா போன பிறகு அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டவர். "வரலைங்க. வெளிநாடு போயிருக்கு."

செல்வராணி அவரைப் பார்த்தாள். குடையை ஒரு கக்கத்தில் இருந்து மறு கக்கத்துக்கு மாற்றினாள். அசல் கங்காணி தினமும் சொல்கிறதைத்தான் சொன்னாள்.

"வந்தா என்னைய வந்து பாக்கச் சொல்லு."

பிறகு, "புவனேஸ்வரி" என்றாள். புவனேஸ்வரியின் பதில் சரியாகக் கேட்கவில்லை.

நான் அதற்குப் பிறகு எத்தனையோ நாடகம் பார்த்துவிட்டேன். கொழும்பில் டிக்கட் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு காட்சியை வேறு எந்த மேடையிலும் பார்க்கவில்லை.

கோழிக்கூட்டு வாழைப்பழம்

நாடகம் முடிந்ததும் அதிபர் அறைக்கு வந்தீர்கள். தேத்தண்ணீர், கேக், கோழிக்கூட்டு வாழைப்பழம். நீங்கள் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னதை நான் ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"டீச்சர், இது நாடகம் இல்ல, கூச்சல். நாடகம் எது, பெரட்டு எது எண்டு இந்தச் சனத்துக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாமலா சேர் காளியம்மா வாயப் பொத்துனாங்க?" என்று கேட்டேன்.

அதிபர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். பேச்சை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை வசனத்தை மறந்த இடத்தில் அழாமல், ஓடாமல், தன் வாழ்க்கையில் இருந்து எடுத்துக் கொண்டுபோனாளே, இதைவிட ஒரு நடிகைக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். தோட்டப் பேச்சு மேடைக்கு ஆகாது என்றீர்கள். போறேன், வாரேன் என்று பேசுகிற பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்ப ஏலாது என்றீர்கள். திரையில் மாவு மில்லின் பெயர் தெரிகிறது என்று சிரித்தீர்கள். ஒரு நல்ல ராஜா நாடகம் போட்டிருக்கலாமே என்றும் கேட்டீர்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாடகப் பாடம் பொருத்தம் இல்லை என்று முடிவு வந்தது.

செல்வராணி பத்தாம் வகுப்பில் என்னிடம் சித்திரம் படித்தாள். அவளுக்கு நேர்கோடு வராது. "டீச்சர், நான் வரைஞ்ச மாட்டுக்கு நாலு காலும் ஒரே பக்கம் இருக்கு, படுக்கட்டுமா நிக்கட்டுமான்னு அதுவே கேக்குது" என்று கடதாசியை நீட்டுவாள். மாட்டின் குரலிலும் கேட்டுக் காட்டுவாள். வகுப்பு சிரிக்கும். நான் சிரித்துவிட்டு மூன்று கால்களை அழித்துப் போட்டுக் கொடுப்பேன். நடிக்கத் தெரிந்த ஒருத்திக்கு மாட்டுக்கால் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் அது கரையேறவில்லை. பிறகு கொழும்பில் ஒரு வீட்டில் வேலை, கல்யாணம், திரும்பிப் பதுளை, புடவைக் கடை.

எந்தக் கங்காணி?

பாராட்டு விழாவுக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து ரோல்ஸ் தட்டு சுற்றி வரும்போது செல்வராணி எழுந்து உங்களிடம் வந்தாள். நான் தடுக்கவில்லை. பின்னாலேயே வந்து நின்றேன். என்னை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"வணக்கம் சேர். நான்தான் அந்தக் கங்காணி."

"எந்தக் கங்காணி?"

"இப்ப நீங்க சொன்ன கதையில, சேர்."

உங்கள் முகம் மலர்ந்தது. அதையும் எழுத வேண்டும். போட்டோக்காரரைக் கூப்பிட்டீர்கள். அவளைப் பக்கத்தில் நிறுத்தி, "நான் சொல்லித் தந்தது ஞாபகம் இருக்கா மகள்?" என்று கேட்டீர்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்லித் தரலையே சேர்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கடையில் புடவை விலை சொல்கிற குரலில்.

நீங்கள் கேட்காதவர் மாதிரிச் சிரித்தீர்கள். பளிச்சென்று போட்டோ எடுத்தாயிற்று. அவள் விடவில்லை. தன் மகள் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்கு நாடகம் படிக்க ஆசை, அங்கே பாடம் இல்லை என்கிறார்கள் என்று சொன்னாள். பணிமனையில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மாலைக்குத் திரும்பிவிட்டீர்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்காக நிற்கும்போது நான் பொருமிக்கொண்டிருந்தேன். செல்வராணி கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். அம்மா குவைத்தில் இருந்து திரும்பி வந்த நாளைச் சொன்னாள். பார்வதி பெட்டியோடு லயத்தில் வந்து இறங்கினதும் சின்ன லெச்சுமி வாசலுக்கு வந்து சொன்ன முதல் வார்த்தை, "ஒன்னையக் கங்காணி வந்து பாக்கச் சொன்னிச்சு."

"அம்மாவுக்கு ஒண்ணும் புரியல டீச்சர். இப்பத்தானே வாரேன், அதுக்குள்ள என்ன வேலைன்னு நெசமாவே பயந்துட்டாங்க."

நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

இப்போது கேட்கிறேன்

நீங்கள் சொன்னபடி பணிமனைக்கும் போனோம். நானும் அவளும். இப்போது அங்கே இருக்கிறவர் இளைஞர், மரியாதையானவர், உட்காரக் கதிரை தந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது ஓர் ஆசிரியை இருக்கிறார், பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர், வரலாறு கற்பித்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துச் சொன்னேன். கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் தயங்கினார்.

"மிஸ், அந்தப் பாடசாலையை முன்னமே வந்து பார்த்து, பொருத்தம் இல்லை எண்டு முடிவு எடுத்திருக்கு. பெரியவர் எடுத்த முடிவு. அவரே பிழை எண்டு சொன்னாலொழிய நான் எப்படி மாத்துறது?"

இந்த ஊரில் காரியம் இப்படித்தான் நடக்கிறது. ஓய்வு பெற்றவரின் முடிவு ஓய்வு பெறுவதில்லை. ஆகவே, ஐயா, செல்வராணியின் மகள் நாடகம் படிப்பதற்கும் படிக்காமல் போவதற்கும் நடுவில் இன்றைக்கு நிற்பது நீங்கள் மட்டும்தான்.

நீங்கள் இரண்டு கதை சொல்லியிருக்கிறீர்கள். அதிபர் அறையில் வாழைப்பழத்தோடு சொன்னது ஒன்று. அது கூச்சல், நாடகம் இல்லை. பதுளை மண்டபத்தில் மாலையோடு சொன்னது ஒன்று. அது நவீன அரங்கு, நீங்கள் பெற்ற பிள்ளை. இரண்டும் ஒரே பிற்பகல். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது.

மண்டபத்தில் சொன்னது உண்மை என்றால், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாடகம் பொருத்தம் இல்லை என்று நீங்கள் எடுத்த முடிவு பிழை. பிழை என்று சொல்லுங்கள். அதிபர் அறையில் சொன்னது உண்மை என்றால், நீங்கள் கூச்சல் என்று ஒதுக்கிய ஒன்றைக் காட்டி மாலை வாங்கியிருக்கிறீர்கள். அதையாவது சொல்லுங்கள்.

இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆசிரியரிடம் பேசிவிட்டேன், உங்கள் பதிலுக்கு இதே பக்கத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு ஏறுவதற்கு முன்னால் எழுதுங்கள். மைக்கைப் பிடித்து ஊர் கேட்கச் சொன்னதற்கு ஊர் பார்க்கப் பதில் வேண்டும். எனக்குத் தனியாகப் போன் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் பேச மாட்டேன்.

எழுதுங்கள்.